செவி வழிப் புகும் அச்சமும் காதலும்: கூதிர்க் காலத்து ஒலிநூல்கள் பற்றி ஒரு மதிப்பீடு

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க் காலம். மேல்நாட்டார் இலையுதிர் காலம் என்று சொல்லும் பருவத்தோடு இது ஏறக்குறைய ஒத்துப்போகும். அங்கே இலை உதிர்கிறது. இங்கே தூறலும் வாடையும் வருகின்றன. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் கோலார் தங்கவயலில் அந்த இரண்டு மாதமும் மாலை ஆறு மணிக்கே இருட்டிக்கொள்ளும். கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் குறையும். வீட்டுக்குள் உட்கார்ந்து யாராவது ஒரு கதை சொன்னால் கேட்கலாமே என்று மனசு ஏங்கும்.

மேல்நாட்டில் இந்தப் பருவத்துக்கென்றே ஒரு வகைக் கதையைத் தேடிக் கேட்கிறார்கள். விக்டோரியா மகாராணி காலத்துப் பழைய மாளிகை, பூட்டிய ஓர் அறை, தனியே வந்து சேரும் ஒரு பெண், வாய் திறந்து சொல்ல முடியாத ஓர் இரகசியம், அதற்கு நடுவே ஒரு காதல். இதைக் கோதிக் வகை என்பர். இப்போது இவற்றைப் படிப்பவர்களைவிடக் காதில் மாட்டிக் கேட்பவர்கள் மிகுந்து வருகிறார்கள். நம் பேரப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். "புத்தகத்தைக் கேட்கிறதாவது, படிக்கிறதுதானே முறை?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. இந்த வகைக் கதை செவிக்கு ஏற்றதுதானா, ஏற்றது என்றால் நம் தமிழில் அப்படிக் கேட்க என்ன இருக்கிறது, கேட்பதால் தமிழுக்கு வரவா செலவா என்னும் மூன்று கேள்விகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

அடியேன் பாத்திர வியாபாரி. வெண்கலப் பானை வாங்க வருகிறவர்கள் கண்ணால் பார்ப்பதோடு நிற்கமாட்டார்கள். விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலை ஓசை காட்டிக் கொடுத்துவிடும். கதைக்கும் அந்தச் சோதனை பொருந்தும் என்பது என் கருத்து. அந்த முறையில் மூன்று கதைகளைத் தட்டிப் பார்ப்போம்.

கோதிக் கதை வந்த வழி

1764ஆம் ஆண்டு ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலப் பிரபு எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை' இவ்வகைக்கு முதல் நூலாகச் சொல்லப்படுகிறது. இடிந்த கோட்டை, சுரங்கப் பாதை, மூதாதையர் செய்த பாவம் பின்வந்தோரைப் பிடிப்பது ஆகியவை அதிலேயே வந்துவிட்டன. விக்டோரியா ஆட்சி 1837 முதல் 1901 வரை நடந்தது. அந்தக் காலத்தில் கோட்டை போய்ப் பணக்காரர் மாளிகை வந்தது. 1847இல் சார்லட் பிராண்ட்டியின் 'ஜேன் அயர்', அவர் தங்கை எமிலியின் 'உதரிங் ஹைட்ஸ்' இரண்டும் வெளியாயின. 1897இல் 'டிராகுலா' வந்தது.

அக்காலத்து மக்கள் நாவலைப் பெரும்பாலும் கேட்டார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வீட்டில் ஒருவர் விளக்கடியில் வாசிக்க, மற்றவர் தையல் வேலையோ வேறு வேலையோ செய்துகொண்டு கேட்பது வழக்கம். சார்லஸ் டிக்கன்ஸ் 1858 தொடங்கிக் கட்டணம் வாங்கிக்கொண்டு தம் கதைகளை மேடையில் வாசித்தார், கூட்டம் அலைமோதியது. எடிசன் குரலைப் பதியும் கருவியைச் செய்து காட்டியது 1877இல். அதுவும் விக்டோரியா ஆட்சிக்குள்தான் வருகிறது. 1935இல் இங்கிலாந்தில் பார்வையற்றவர்களுக்காகப் 'பேசும் புத்தகம்' இசைத்தட்டில் வந்தது. முதல் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்கள் அதற்கு ஒரு முக்கிய காரணம். ஆகவே ஒலிநூலைப் புதுசாக வந்த சோம்பேறித்தனம் என்று சொல்வது பொருந்தாது. கண்ணில்லாதவனுக்குக் கண் கொடுக்க வந்த பொருள் அது.

தமிழுக்கு இவ்வகை வந்த கதையும் சுவையானது. ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ் (1814–1879) என்னும் விக்டோரியா காலத்து ஆங்கில எழுத்தாளரின் நாவல்கள் இந்தியாவில் அமோகமாக விற்றன. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றோர் அவற்றைத் தழுவிப் பல நாவல்கள் எழுதினார்கள். தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகளே ரெயினால்ட்சின் 'லைலா' என்னும் கதையைத் தழுவிக் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்ற நாவலை 1911இல் வெளியிட்டார் என்பது இங்கே எண்ணத்தக்கது. மர்மக் கதை என்றால் மட்டம் என்று ஒதுக்குவோர் அடிகளாரின் இந்தச் செயலைச் சற்று யோசிக்க வேண்டும். நல்ல தமிழைப் படிக்க வைக்க அவர் தேர்ந்தெடுத்த வண்டி ஒரு காதல் கதை.

மாடியில் கேட்ட சிரிப்பு

முதலில் 'ஜேன் அயர்'. லிப்ரிவாக்ஸ் என்னும் தன்னார்வலர் அமைப்பு 2005 முதல் உரிமைக் காலம் முடிந்த நூல்களை வாசித்துப் பதிந்து இலவசமாகத் தருகிறது. அதில் இந்நூலும் உண்டு. ஏழை அனாதைப் பெண் ஜேன் ஓர் அக்டோபர் மாதத்தில் தார்ன்ஃபீல்டு என்னும் மாளிகைக்கு ஆசிரியையாக வருகிறாள். வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது மூன்றாம் மாடியிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்கிறது. அது கிரேஸ் பூல் என்னும் வேலைக்காரியின் சிரிப்பு என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. உண்மையில் அங்கே அடைக்கப்பட்டிருப்பவள் மாளிகைக்காரர் ராச்செஸ்டரின் மனநிலை பிறழ்ந்த முதல் மனைவி பெர்த்தா. இது ஜேனுக்குத் தெரிவது அவள் மணக்கோலத்தில் நிற்கும் நாளில்தான்.

அச்சில் இந்தச் சிரிப்பைக் கண்ணால் தாண்டிப் போய்விடலாம். ஒலிநூலில் தாண்ட முடியாது. வாசிப்பவர் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். சினிமாப் பேய் மாதிரி சிரித்துக் காட்டினால் அப்போதே இரகசியம் உடைந்தது. வேலைக்காரி என்ற சமாதானத்தை எந்தக் கேட்பவரும் நம்பமாட்டார். சிரிப்பு வந்தது என்பதை மட்டும் சாதாரணக் குரலில், நிதானமாகச் சொன்னால் கேட்பவருக்கு முதுகு சில்லிடும். ஏனென்றால் சிரிப்பை அவரவர் மனசே உண்டாக்கிக்கொள்கிறது. இக்கதை முழுவதும் ஜேனே நம்மைப் பார்த்துச் சொல்வது. பின்னால் நடக்கப்போவது எல்லாம் தெரிந்த ஒருத்தி, தெரியாதது போல் அடக்கிக்கொண்டு சொல்கிறாள். அந்த அடக்கம் குரலில் வந்தால் பதிவு தேறியது.

இன்னொன்று காதில் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மணி நேரக் கதையில் வேலைக்காரர் முதல் சிறு குழந்தை வரை எல்லோரும் பேசுகிறார்கள். பெர்த்தா ஒரு வாக்கியம்கூட நம்மிடம் பேசுவதில்லை. சிரிப்பும் உறுமலும்தான் அவளுக்கு. எழுத்தில் பார்க்கும்போது அவளும் மற்றவரைப் போல் ஒரு பெயர். செவியில் அவள் ஒருத்திக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை என்பது வெட்டவெளிச்சமாகிறது. அவள் யார்? ஜமைக்காத் தீவில் தோட்ட முதலாளி வீட்டுப் பெண். அவளோடு முப்பதாயிரம் பவுண்டு சீதனமாக வந்தது. அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அடிமைகள். மாளிகையின் செல்வம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்து வந்தவளையே மாடியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். கரீபியத் தீவிலே பிறந்த ஜீன் ரீஸ் என்னும் எழுத்தாளர் 1966இல் 'வைடு சர்காஸோ ஸீ' என்ற நாவல் எழுதி அவளுக்குப் பேச்சுக் கொடுத்தார்.

தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த 1880 விக்டோரியா ஆட்சிக் காலம். துரைமார் பங்களா, புல்வெளி, கிளப், சர்ச் எல்லாம் அதே கட்டுமானம். 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி மின்சாரம் இங்கே வந்து, இந்தியாவிலேயே பல நகரங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தபோது சுரங்கத்துக்கு மின்விளக்கு எரிந்தது. வட ஆற்காடு, தர்மபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த நம் மக்கள் லைன் வீடுகளில் இருந்துகொண்டு, பூமிக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி அந்தப் பங்களாவுக்கு வெளிச்சம் கொடுத்தார்கள். பங்களாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிவைத்த பக்கங்கள் நிறைய உண்டு. லைனைப் பற்றி அவற்றுள் நாலு வரி தேறினால் பெரிசு. கோதிக் கதையை நாம் கேட்கும்போது மாளிகை அழகில் மயங்குவதோடு, பூட்டிய அறையில் யார் இருக்கிறார் என்றும் காது கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பாட்டுக் கேட்டுக் கெட்ட அரசி

இனி நம் இலக்கியம். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம் சமண நூல். நான் அந்தச் சமயத்தவன் என்பதால் எடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். செவி வழியே அச்சமும் காதலும் எப்படிப் புகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கதையை நான் அறியேன்.

உச்சயினி மன்னன் யசோதரன். அவன் தேவி அமிர்தமதி. நள்ளிரவில் அரண்மனை உறங்குகிறது. யானைக் கொட்டிலில் பாகன் ஒருவன் பாடும் பாட்டு இருளில் மிதந்து வருகிறது. அரசி ஆளைப் பார்க்கவில்லை. குரலைக் கேட்டே மனம் இழந்தாள். தோழியை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னாள். தோழி கண்டது நோயால் உருக்குலைந்த ஒருவனை. அருவருத்து வந்து சொன்னாள். அரசிக்கு அது ஏறவே இல்லை. காது முடிவு செய்த பிறகு கண்ணின் சாட்சி எடுபடவில்லை.

கதையின் அடுத்த அதிர்ச்சியும் செவி வழியாகத்தான் வருகிறது. மனைவியின் செயலைக் கண்ட மன்னன் மனம் ஒடிந்து, கெட்ட கனவு கண்டதாகத் தாயிடம் சொல்கிறான். சண்டிக்கு உயிர்ப்பலி கொடு என்கிறாள் தாய். உயிர்க்கொலை வேண்டாம் என்று மாவால் கோழி செய்து வெட்டுகிறான். வெட்டுப்படும்போது அந்த மாக்கோழி கூவுகிறது. ஒரு கூவலில் மொத்தக் கதையும் தலைகீழாகிறது. கொல்ல வேண்டும் என்று எண்ணியதே கொலையாயிற்று என்பதை ஆசிரியர் வாதத்தால் சொல்லவில்லை, ஒரு சத்தத்தால் சொல்லிவிட்டார். பிறகு மகனும் தாயும் நஞ்சூட்டப்பட்டு, விலங்குப் பிறவிகள் பல எடுத்து அல்லலுறுகிறார்கள்.

இக்கதை யாரால், எங்கே சொல்லப்படுகிறது என்பது முக்கியம். மாரிதத்தன் என்னும் அரசன் பலி கொடுப்பதற்காகக் கொண்டுவந்து நிறுத்திய இளம் துறவியர் இருவர், அண்ணனும் தங்கையும். வாள் ஓங்கிய இடத்தில் நின்று அந்தச் சிறுவன் தன் முற்பிறப்புக் கதையைச் சொல்கிறான். கேட்டவன் வாளைக் கீழே போடுகிறான். கேள்வி ஒருவனை மாற்றும் என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

கன்னட அன்பர்களுக்கும் இது சொந்தக் கதை. ஹொய்சளர் காலத்துச் சமணக் கவி ஜன்னன் 1209இல் 'யசோதர சரிதெ' பாடினான். கிரீஷ் கார்னாட் அதையே 'ஹிட்டின ஹுஞ்ச' என்று 1980இல் நாடகமாக்கினார். தமிழ் வீட்டிலும் கன்னடப் பள்ளியிலும் வளரும் நம் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் கேட்கத்தக்க கதை இது. பாட்டை ஓதி, உடனே எளிய உரைநடையில் பொருள் சொல்லி, அத்தியாயம் அத்தியாயமாகப் பதிவு செய்தால் கூதிர் இரவுகளுக்கு இதைவிட நல்ல துணை வேறில்லை. செய்பவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: பாகனின் பாட்டை இசையமைத்துப் பாடிவிடாதீர்கள். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஓர் அரசி நாட்டையும் கணவனையும் மறக்கும் அளவுக்கு இருக்காது. கேட்பவர் காதுக்குள் ஒலிக்காத பாட்டாகவே அது இருக்கட்டும்.

நிலாத் தீவில் இரண்டு குரல்

மூன்றாவது, கல்கியின் 'மோகினித் தீவு'. 'பொன்னியின் செல்வன்' பெற்ற புகழில் நூற்றில் ஒரு பங்கும் இந்தச் சிறு நாவலுக்குக் கிடைக்கவில்லை. கல்கி (1899–1954) எழுதியவற்றுள் கோதிக் வகைக்கு மிக அருகில் வருவது இது என்பது என் துணிபு.

பாஸ்கர் என்பவர் சொல்லும் கதை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் குண்டு போட, ரங்கூனை விட்டுத் தமிழர்கள் உயிர் தப்பி ஓடிவந்த நேரம். அவர் வந்த கப்பல் வழியில் ஆளில்லாத ஒரு தீவின் ஓரம் ஒதுங்குகிறது. அங்கே பழைய தமிழ்ச் சிற்பங்களும் இடிந்த மாளிகைகளும் நிற்கின்றன. நிலவு வெளிச்சத்தில் ஓர் ஆணும் பெண்ணும் தோன்றுகிறார்கள். சோழ இளவரசன் சுகுமாரனும் பாண்டிய இளவரசி புவனமோகினியும் பகைக்கு நடுவே காதலித்த வரலாற்றைச் சொல்கிறார்கள். சொல்லி முடிக்கும்போது, இவர்கள் யார் என்ற கேள்வி கேட்பவர் நெஞ்சில் விழுகிறது. நடந்ததா கனவா என்ற ஐயத்தைக் கல்கி கடைசி வரை தீர்க்கவில்லை.

இதில் கல்கி செய்த நுட்பமான காரியம், கதையை ஒருவரே சொல்லாமல் கணவன் மனைவி இருவரும் மாறி மாறிச் சொல்வது. அவன் சொல்வதில் அவள் திருத்தம் போடுகிறாள், அவன் விட்டுக்கொடுப்பதில்லை. நம் வீட்டுத் திண்ணையில் நடப்பது போலவே இருக்கிறது. பேய்க்கதையாக இருக்கவேண்டிய இடத்தில் குடும்பச் சச்சரவு கேட்பதால் பயம் தெரியாமல் உள்ளே போகிறோம். யாரும் வசிக்காத தீவில் இவ்வளவு காலம் சலிக்காமல் வாக்குவாதம் செய்கிற இருவர் யார் என்று பிறகு நினைத்துப் பார்க்கும்போதுதான் மயிர்க்கூச்செறிகிறது.

ஒலிநூலாக்குவோர் இங்கே தடுக்கி விழுகிறார்கள். நான் கேட்ட ஒரு பதிவில் நிலா வந்தவுடன் வயலின், கடல் வந்தவுடன் அலையோசை, இளவரசி வந்தவுடன் சலங்கை. கணவன் மனைவி பேச்சில் இருந்த செல்லச் சண்டை போய், இரண்டு பேரும் அரண்மனை நாடகம் போல முழங்குகிறார்கள். பாத்திரத்தைத் தட்டினால் கேட்கவேண்டிய ஓசை, மேலே சுற்றிய ஜரிகைத் துணியால் அமுங்கிப் போயிற்று. இன்னொரு பதிவு ஒரு பெண்மணி தனியாக வாசித்தது. பின்னணி இசை கிடையாது. ஆண் பேச்சுக்குக் குரலைக் கட்டையாக்கவும் இல்லை. வேகத்தைச் சற்று மாற்றியே யார் பேசுகிறார் என்று புரிய வைத்துவிட்டார். கப்பலில் மக்கள் நெருக்கியடித்து வரும் இடத்தில் மட்டும் அவர் குரல் தழுதழுத்தது. ரங்கூன் நடைப்பயணத்தில் செத்தவர்கள், கப்பலில் வந்து பிழைத்தவர்கள் கதை தெரிந்த வீட்டுப் பெண்ணாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிழைக்கப் போன ஊர் ஒரே நாளில் கைவிட்டுப் போவது என்றால் என்ன என்பது 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடியதைப் பார்த்த நமக்கும் தெரியும். புலம்பெயர்ந்தோர் கதை என்ற முறையிலும் 'மோகினித் தீவு' நமக்கு நெருங்கிய நூல்.

பல குரல் கூடவே கூடாது என்பது என் வாதமல்ல. பாம்பே கண்ணன் பல நடிகர்களைக் கொண்டு உருவாக்கிய 'பொன்னியின் செல்வன்' ஒலிநூல், ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அந்நாவலைக் கொண்டு சேர்த்தது. கூட்டமும் போரும் சதியும் நிறைந்த கதைக்குப் பல குரல் பொருந்தும். அச்சமும் காதலும் கலந்த கதை அப்படிப்பட்டதன்று. அது ஒருவர் இன்னொருவர் காதோடு சொல்வது. மேலே பார்த்த மூன்றிலும் கதை சொல்பவர் கதைக்குள்ளேயே இருக்கிறார்: ஜேன், துறவிச் சிறுவன், தீவின் தம்பதி. சொல்லும் குரல்மேல் நமக்கு நம்பிக்கை வேண்டும், கூடவே இவர் எல்லாவற்றையும் சொல்லவில்லையோ என்ற சந்தேகமும் வேண்டும். பின்னணி இசை அந்தச் சந்தேகத்தைக் கொன்றுவிடுகிறது. எப்போது பயப்படவேண்டும் என்று அதுவே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையை எண்ணிப் பாருங்கள். கூதிர்க் காலத்து நள்ளிரவு, அரண்மனை, அணையாத விளக்கு, கணவனைப் பிரிந்து கட்டிலில் துயருறும் அரசி. அந்தப் பக்கம் பாசறையில் புண்பட்ட வீரர்களிடையே விளக்கொளியில் நடக்கும் அரசன். 188 அடியில் ஓர் இரவை நிறுத்திவிட்டார். பேய் இல்லை, பிசாசு இல்லை. ஆனாலும் அந்த இருட்டு நம்மை விடமாட்டேன் என்கிறது. வாய்விட்டு ஓதியே பரவிய பாட்டு அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்விக்கு ஓர் அதிகாரம்

இப்போது மூன்றாவது கேள்வி. கேட்பதால் தமிழுக்கு வரவா, செலவா?

நம் ஊர் நிலைமையை உள்ளபடி பேசுவோம். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, தமிழ் எழுத்து தெரியாமல் வளர்ந்த தலைமுறை இங்கே வந்துவிட்டது. "அம்மா சொல்றது புரியும் தாத்தா, ஆனா போர்டு படிக்க வராது" என்று என் கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளே சொல்கிறார்கள். அவர்களிடம் கல்கியை அச்சில் நீட்டி என்ன பயன்? சுரங்கம் மூடிய பிறகு பிழைப்புக்காக மாரிகுப்பம் ரயிலில் ஏறி நாள்தோறும் பெங்களூர் போய்வருபவர்கள் ஏராளம். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். விடியற்காலை இருட்டில் ஏறி, இரவு இருட்டில் இறங்குகிறார்கள். கைபேசியும் காதில் மாட்டும் கருவியும் எல்லாரிடமும் உண்டு. 2018இலும் 2022இலும் வந்த திரைப்படங்கள் நம் ஊர்ப் பெயரை உலகம் முழுக்கக் காது கிழியும் சத்தத்தோடு கொண்டுபோயின. அந்தச் சத்தத்தில் நம் கதை எதுவும் இல்லை. அந்த ரயில் நேரத்தில் ஒரு நல்ல தமிழ்க் கதை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

வள்ளுவப் பெருந்தகை அதிகாரங்களை வைத்த முறையைப் பாருங்கள். 40ஆவது கல்வி. 41ஆவது கல்லாமை. 42ஆவது கேள்வி. படிப்பைச் சொல்லி, படிக்காதவன் இழிவைச் சொல்லி, அதற்கடுத்துக் கேள்வியை வைத்தார். கல்லாதவனாக இருந்தாலும் கேட்கட்டும், தளர்ந்த நேரத்தில் அது ஊன்றுகோலாகும் என்பது அவர் கருத்து. எங்கள் சமயத்திலும் மழைக்கால நான்கு மாதம் முனிவர் ஓரிடத்தில் தங்குவதும், இல்லறத்தார் அறவுரை கேட்பதும் மரபு. மழையும் கேள்வியும் பழைய கூட்டாளிகள்.

அதேசமயம் ஊன்றுகோலைக் காலாக நினைத்துவிடக் கூடாது. கேட்டவன் கதையைக் கொண்டுபோவான். ஒரு சொல்லை நிறுத்தித் திரும்பிப் பார்க்க, அடிக்கோடு போட, தன் பெயரைத் தமிழில் எழுத, எழுத்து வேண்டும். ஒலிநூல் கேட்கும் பிள்ளைக்கு அதே நூலின் அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, விரலால் வரியைத் தொடச் சொன்னால் கேள்வி கல்விக்கு வழிவிடும். சில வீடுகளில் இப்படிச் செய்து, ஆறேழு மாதத்தில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதை நேரில் கண்டிருக்கிறேன். அதற்கு மர்மக் கதை மிகப் பொருத்தம். அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பில் பிள்ளை தானே அடுத்த வரிக்குத் தாவும்.

நம் சங்கத்தார் மனம் வைத்தால் ஒரு காரியம் செய்யலாம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை. யாரும் வாசித்துப் பதியத் தடையில்லை. யசோதர காவியத்துக்கும் நெடுநல்வாடைக்கும் உரிமை கேட்க யாரும் வரமாட்டார்கள். இந்த ஐப்பசியில் 'மோகினித் தீவு' தொடங்கி வாரம் ஒரு மாலை நூலகத்தில் கூடி, நம் ஊர்க் குரல்களிலேயே வாசித்துப் பதிவு செய்வோம். ரங்கூனிலிருந்து வந்த குடும்பத்தார் இருந்தால் கப்பல் பகுதியை அவர்கள் வாசிக்கட்டும்.

அதற்குப் பிறகு நம் சொந்தக் கதைக்கு வரவேண்டும். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் தலைக்குமேல் பாறையைக் கம்பியால் தட்டி, ஓசையைக் கேட்டு, நிற்கலாமா ஓடலாமா என்று முடிவு செய்தவர்கள். பூமி வெடிக்கும் சத்தத்தைக் கட்டிலில் படுத்தபடி கேட்டு, எந்த ஷாஃப்ட் என்று யோசித்தவர்கள் அவர்களுடைய பெண்டு பிள்ளைகள். சங்கு ஊதும் நேரத்தை வைத்துச் சோறு வடித்த ஊர் இது. செவியால் வாழ்ந்த ஓர் ஊருக்குச் செவியால் கேட்க ஒரு நூல் இல்லாதது குறைதான். இறங்கி ஏறிய பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் குரலைப் பதிவு செய்வதற்கு இசையும் வேண்டாம், நடிப்பும் வேண்டாம். ஒரு கைபேசியும், இடைமறிக்காமல் கேட்கும் ஒரு பேரப்பிள்ளையும் போதும். முதல் பதிவுக்குரிய செலவை என் கடைக் கணக்கில் எழுதிக்கொள்ளச் சம்மதம். நாளையும் இடத்தையும் சங்கம் குறிக்கட்டும்.